வேண்டுமா, வேண்டாமா

இரவு பதினொன்றே கால். கிளைப்பெடாவில் மழை
பக்கவாட்டில் பெய்கிறது.
துறைமுகக் கிரேன்களின் சிவப்பு விளக்கு
ஜன்னலில் கரைந்து ஒழுக
மடிக்கணினிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஹாம் ரேடியோ வேண்டுமா? வேண்டாம்.
ஜாய்ஸ்டிக்? வேண்டாம்.
ஃபிளாப்பி? இன்னுமா? வேண்டாம்.
விரலால் படிக்கும் பிரெய்ல் திரை?
ஒரு கணம் தயங்கினேன்.
இந்த வீட்டில் எல்லோருக்கும் கண் தெரியும். வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் கேள்விகள்.
திருமணப் பதிவகத்தில்கூட
என்னிடம் இரண்டுதான் கேட்டார்கள்.

வைடோட்டஸ் தேநீரோடு எட்டிப் பார்த்தான்.
"அவர்கள் கொடுத்த கெர்னலுக்கு என்ன குறை?"
குறையில்லை. ஊருக்கே தைத்த சட்டை,
எனக்குத் தொளதொளவென்று.
"எத்தனை வினாடி மிச்சம்?"
இரண்டு. ஒருவேளை இரண்டரை.
அவன் சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

மீன் டப்பா ஆலையில் கணக்கெழுதுகிறேன்.
பிறர் போட்ட கட்டங்களைப் பகலெல்லாம் நிரப்புகிறவள்
ஒரே ஓர் இடத்தில்
எது உள்ளே, எது வெளியே என்று
சொல்லிப் பார்க்கக் கூடாதா?

கம்பைல் ஓடியது. விசிறி இரைந்தது.
பூனை வந்து அடாப்டர்மேல் சுருண்டது.
முகம் தெரியாத யார் யாரோ எழுதிய வரிகள்
என் சமையலறை மேசையில்
வெந்துகொண்டிருந்தன.

ஒன்றே முக்காலுக்கு முடிந்தது.
அணைத்து, மறுபடி போட்டேன்.
கறுப்பு. அதன்மேல் வெள்ளை எழுத்தில் புலம்பல்:
வட்டைக் காணோமாம்.

ஃபிளாப்பிக்குப் பிறகு எங்கேயோ, வந்த வேகத்தில்,
என் சொந்த வட்டைப் படிக்கும் துண்டுக்கும்
வேண்டாம் சொல்லியிருக்கிறேன்.
வீட்டைப் பெருக்கிப் பெருக்கி
சாவியையும் குப்பையில் கொட்டியாயிற்று.

பழைய கெர்னலைத் தொட்டேன்.
ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் எழுந்தது,
ஜாய்ஸ்டிக்கோடு, பிரெய்லோடு,
என்றைக்கோ எவரோ செருகப்போகும்
ஏதோவொரு கம்பிக்காகவும் விழித்திருந்து.
தொளதொளப்பு என்று நான் சொன்னது
மற்றவர்கள் நிற்கும் இடம் போலிருக்கிறது.

நியாயப்படி இங்கே நிறுத்த வேண்டும்.
"ஜோவிடா, தூங்கு" என்றான் உள்ளிருந்து.
பூனை இன்னும் சூட்டை விடவில்லை.

பட்டியலைத் திறந்தேன்.
முதலில் வட்டு. ஆம்.
பிறகு, யாரும் கேட்காமலே, பிரெய்ல்.
காலை ஆறரைக்கு ஆலைப் பேருந்து.

ஹாம் ரேடியோ வேண்டுமா?
இரு, யோசிக்கிறேன்.