சாம்பலின் கால்

நெல்லித்தோப்புச் சந்தில்
ஒரு கணினி, ஒரு பிரிண்டர்,
என் கடை.

அந்துவான் சார் நாலு பக்கம் கொண்டுவந்தார்.
மலேசியா: ஓர் அறிமுகம்.
பண்பாடு, உணவு, கல்வி.
"ஆயிரம் காப்பி. நாளைக்கே வேணும்மா."

'வெப்பமண்டல நாடு' என்று அடிக்கும்போது
கரண்ட் போனது.
மூக்கு நுனி வியர்வை ஸ்பேஸ் பாரில் சொட்டியது.
புதுச்சேரிக்காரிக்கு
இதை வேறு அச்சில் சொல்ல வேண்டுமாக்கும்.

'ஒரே தெருவில் பல மொழி கேட்கலாம்.'
ஏனாமிலிருந்து மாற்றலாகி வந்த அம்மா
போனில் யாரையோ தெலுங்கில் திட்டியபடி
ஆதார் நகலுக்குக் காத்திருந்தார்.
மாஹே பையன் மீதிச் சில்லறையை
மலையாளத்தில் எண்ணினான்.
எதிர்வீட்டு பென்ஷன்காரர்
பிரெஞ்சுக் கடிதத்தை ஸ்கேனரில் வைத்து
"கோணலா இருக்கு பாரு" என்றார்.
இந்தச் சந்துக்கு அறிமுகம் எழுத
யாரும் ஆர்டர் கொடுத்ததில்லை.

முதல் பிழை நானே பிடித்தேன்.
பல இன மக்கள்
பல் இன மக்கள் ஆகியிருந்தார்கள்.
ஒரு புள்ளியை அழித்தேன்.
பற்கள் போய் மனிதர்கள் வந்தார்கள்.

நோன்புப் பெருநாளோ சீனப் புத்தாண்டோ தீபாவளியோ
வீட்டைத் திறந்து வைப்பார்களாம்,
அடுத்த மதத்துக்காரர் வந்து சாப்பிடுவாராம்.
இரண்டு முறை படித்தேன்.
"அங்கேயே நிக்காதம்மா, கல்விக்கு வா."

கல்விப் பக்கத்தில் கட்டணம் ரிங்கிட்டில்.
ரூபாயிலும் போடலாமே என்றேன்.
"பயந்துருவாங்க."

மறுநாள் சாயங்காலம் சுகிர்தா வந்தாள்,
வைத்திக்குப்பம்,
மார்க் ஷீட் நகலுக்குப் பதினோராம் தடவை.
கட்டில் மேலிருந்த ஒன்றை உருவினாள்.
நேராகக் கடைசிப் பக்கம்.
போனில் பெருக்கினாள்,
திரையைக் கவிழ்த்து வைத்தாள்.
அவள் அப்பாவின் படகு எஞ்சின்
என்ன விலை போகுமென்று
எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

பிறகு முதலிலிருந்து படித்தாள், சத்தமாக.
"தேங்காய்ப்பால் சோறு, வறுத்த நெத்திலி,
தொட்டுக்கொள்ளச் சாம்பல்.
அக்கா, நெத்திலி சரி.
சாம்பல் எதுக்கு?"

சம்பல்.
ஆயிரம் காப்பியிலும்
மிளகாய் விழுதை எரித்து வைத்திருக்கிறேன்.

இரண்டு கறுப்புப் பேனா.
தரையில் உட்கார்ந்து
சாம்பலின் காலை வெட்டிக்கொண்டே போனோம்.
நானூறு தாண்டியதும் அவள் கேட்டாள்:
"அங்க போனா நெத்திலி யாருக்கா ஆய்வாங்க?"
"கடையில ஆஞ்சே தருவாங்களாயிருக்கும்."
"அப்ப சரி."

ஒன்பது மணிக்கு அந்துவான் சார் எண்ணினார்.
ஒன்று குறைந்தது.
வெட்டாத காலோடு ஒன்று
சுகிர்தாவின் மார்க் ஷீட் கவரில்
போய்விட்டிருந்தது.
பிரிண்டரில் மாட்டிக் கிழிந்துவிட்டது என்றேன்.