ஒன்பதாவது சுவிட்ச்

ஹாப்சாலுவில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே பகல் கடையைக் கட்டிவிட்டது.
வியாழக்கிழமை கார் வருகிறது.
அதற்குள் கொட்டகைச் சுவரில்
அதற்கொரு பால்புட்டி மாட்ட வேண்டும்.
தாவெத் வந்திருக்கிறான்,
வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு
கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான்.
பல் டாக்டர் மாதிரி ஒரு "ம்ம்".
அந்த "ம்ம்"முக்குத் தனி பில் வரும் என்று
மெர்லேயின் புருவம் சொன்னது.

"மொத்தமே இருபத்தைந்து ஆம்பியர்.
அடுப்பு தின்றது போக, சவுனா குடித்தது போக
காருக்கு மிச்சம் ஆறு.
சனிக்கிழமை தாலின் போக வேண்டுமென்றால்
வெள்ளிக்கிழமை விடிவதற்குள் செருகிவிடுங்கள்."

சவுனாவை விடுவதா என்று நான் கேட்கவில்லை.
இந்த ஊரில் அதைக் கேட்டுவிட்டு
அதே வீட்டில் தூங்க முடியாது.

பெட்டியிலிருந்து கொட்டகை வரை அளந்தோம்.
அளவு நாடா ஐந்து மீட்டரில் கைவிரித்தது.
பாதி பின்னிய ஸ்வெட்டரின் நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு
மெர்லே பனியில் இறங்கி நடந்தாள்.
நான் ஜன்னலோரம் நூலை விட்டுக்கொண்டே இருந்தேன்.
பதினாலு மீட்டர், ஒரு முழங்கை.
எனக்கென்று வளர்ந்துகொண்டிருந்த வலது கை
கேபிள் கணக்கில் போய்விட்டது.

பிறகு எந்த சுவிட்ச் எதற்கு என்று
ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம்.
நான் அறை அறையாக ஓடிக் கத்தினேன்:
குளியலறை! ரேடியோ! மாடிப்படி!
தாவெத் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தான்.

ஒன்பதாவதை அணைத்தான்.
எதுவும் சாகவில்லை.
ஃப்ரிட்ஜ் முனகியது, கடிகாரம் மினுங்கியது.
பரணில்கூட ஏறிப் பார்த்தேன்.
"சும்மா இருக்கிற லைன்" என்றான். "நமக்கு லாபம்."

காப்பி ஆறுவதற்குள் கதவு தட்டப்பட்டது.

ஹெய்னார்.
மூன்று வருடமாக அந்தக் கை இந்தக் கதவைத் தொட்டதில்லை.
வாய்க்கால் வரப்பு இல்லாத ஊரில்
சண்டைக்கு ஒரு பிளம் மரம் போதும்:
வேர் அவன் பக்கம், பழம் எங்கள் பக்கம்.

கையில் டார்ச்.
"உங்களுக்கும் கரண்ட் போயிடுச்சா?"
என் தலைக்கு மேல் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.
இருவரும் நிமிர்ந்து அதைப் பார்த்தோம்.
"பின்னறை மட்டும்தான்" என்றான்.
"ஃப்ரீசர் இருக்கிற அறை. காளான் நாற்பது கிலோ."

என் முதுகுக்குப் பின்னால் டிக் என்றது.
வேலிக்கு அப்பால் ஒரு ஜன்னல் மஞ்சளானது.

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வீடு.
பத்திரம் இரண்டானபோது
இந்த வயருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
நாங்கள் குடிவந்து பன்னிரண்டு வருடம்.
பேச்சை நிறுத்திய மூன்று குளிர்காலமும்
அவன் காளான் என் காசில்தான் கல்லாகக் கிடந்திருக்கிறது.
மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.
மெர்லேயின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

"அதை வெட்டினால் காருக்கு இன்னொரு நாலு ஆம்பியர்"
என்றான் தாவெத், மெதுவாகத்தான்.
பனி பெய்யும்போது
மெதுவாகச் சொன்னதுதான் முதலில் கேட்கிறது.

ஹெய்னாரின் காதுமடல் சிவந்தது.
குளிராகவும் இருக்கலாம்.

ஒன்பதுக்கு நேரே பென்சில் காத்திருந்தது.
"என்ன எழுத?"

நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.
வெப்பம் வீணாகிறது என்று மெர்லே சொல்லவில்லை.
ஹெய்னார் டார்ச்சை அணைத்தான்,
குனிந்து ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கினான்.
ஈரத்தில் இறுகிப்போயிருந்தது முடிச்சு.
வெகுநேரம் பிடித்தது.