சூடு ஆறும்வரை

புதுவயலில், அரிசி ஆலைக்குப் பின்னால்,
உமிச்சாம்பல் மேட்டோரம் நின்றது வண்டி.
பதினெட்டரை குதிரைச்சக்தி என்றார் வயிரவன்.
குட்டை வண்டி. பானெட் என் நெஞ்சுக்கு வந்தது.
புதுப் பெயின்ட்டில் ஒரு ஈ ஒட்டிச் செத்திருந்தது.

"சிங்கிள் ஓனர், அக்கா.
வயலையே பாக்காத வண்டி.
மில்லுக்குள்ள மூட்டை இழுத்ததோட சரி."
மணி மீட்டர் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழில் நின்றிருந்தது.
எந்த வருசம் நின்றது என்று நான் கேட்கவில்லை.

உள்ளங்கையை பானெட்டில் வைத்தேன்.
சுட்டது.
தண்ணீர் தெளித்தால் சொய்யென்னும் சூடு.
நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதே
எனக்காக ஓடிப் பழகி நின்றிருக்கிறது.

கல்லலில் பன்னிரண்டு வருசமாய் மாவு மில் வைத்திருக்கிறேன்.
மிளகாய்க்கும் மல்லிக்கும் நடுவே
மோட்டார் ஒரு மூச்சு விட்டால் போதும்,
பெல்ட்டா பேரிங்கா என்று சொல்லிவிடுவேன்.
சூடான இஞ்சின் எதைக் கேட்டாலும் ஆமாம் போடும்.
விடியக்காலை எழுப்பினால்தான் அதன் குணம் தெரியும்.

"ஆறட்டும்" என்றேன்.
"எதுக்கு?"
"ஆறட்டும்."

டீ வந்தது.
ஒன்று எண்பத்தைந்து என்றார்.
ஆலைப் புகைபோக்கியில் ஒரு காகம் உட்கார்ந்து எழுந்தது.
ஒன்று எழுபத்தைந்து என்றார்,
நான் ஒன்றும் கேட்காமலே.
அவர் மச்சினன் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனான்.
இன்னொரு டீ வரவில்லை.
திரும்பவும் கை வைத்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் மாதிரி,
விட்டும் விடாமலும்.
ஒன்று அறுபத்தெட்டு.
நிழல் சாம்பல் மேட்டைத் தாண்டிப் போனது.
இரண்டே முக்கால் மணி நேரம்.
இரும்பு ஆற ஆற விலையும் ஆறியது.

சாவியைத் திருப்பினேன்.
மூன்று தரம் இருமியது.
நாலாவதில் வெள்ளைப் புகை, அப்புறம் கறுப்பு,
அப்புறம் வெறும் காற்று நடுங்கியது.
நீலம் வரவில்லை.
நீலம் வந்திருந்தால் அடுத்த பஸ் ஏறியிருப்பேன்.

ஆர்.சி. புத்தகத்தில் பேங்க் பேர் இருந்தது.
கடன் தீர்ந்த தாள் கைக்கு வந்த அன்றைக்குக்
கடைசி இருபதாயிரம் என்றேன்.
ஒன்று ஐம்பத்திரண்டுக்கு
அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலையாட்டினார்.

பட்டாவில் புஞ்சைத் தரிசு என்று ஒரே சொல்.
மூன்றேகால் ஏக்கர் செம்பொறை.
ஜேசிபி வந்து சீமைக்கருவேலைப் பிடுங்கிப் போட்டு
ஒரு மாதம் ஆகியும்
உள்ளே வேர் யாருக்கும் சொல்லாமல் இருந்தது.

ஆடிக் கடைசியில் பெய்த ஒரு மழையை நம்பி
ஐந்து கொத்துக் கலப்பையை இறக்கினேன்.
மண்ணில் நகத்தால் கீறின மாதிரி ஐந்து கோடு.
இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.
வேர் பிடித்தது.
முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு
ஒரு சாண் எழுந்தன.
கிளட்ச்சை மிதித்தது என் கால்தான்,
நான் இல்லை.

"இவ்வளவு லேசா வாங்கிட்டு வந்திருக்கியே" என்றாள் சூசையம்மா.
மில்லில் மாவு அள்ளிக் கொடுப்பவள்;
அன்றைக்கு வேர் பொறுக்க வந்தவள்.

அதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது.
மில்லில் கதவுக்குப் பின்னால்
ஐந்து இருபது கிலோ எடைக்கல்.
எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு
அரசு முத்திரையோடு சும்மா கிடப்பவை.
ஷேர் ஆட்டோவில் ஏற்றியபோது
டிரைவர் ஆளுக்கொரு டிக்கெட் கேட்டான்.

முன் பம்பரில் சங்கிலி போட்டுக் கட்டினோம்.
வண்டி தலை குனிந்தது.
குனிந்தபடியே இழுத்தது.

வேர் வந்தது.
என்னைவிட நீளம்.
அறுந்த இடத்தில் ஈரமாய், மஞ்சளாய்.
சூசையம்மா அதை விறகுக்கு என்று தனியே வைத்தாள்.

பொழுது சாயும்போது முப்பது சென்ட் திரும்பியிருந்தது.
அதிலும் பாதி கட்டி.
மில் வாசலில் மிளகாயோடு வந்தவர்கள்
திரும்பிப் போயிருப்பார்கள்.
நிலக்கடலை இந்தப் பட்டத்துக்கு முடியாது,
உளுந்துதான், அதுவும் பார்த்து.

போன் அடித்தது. வயிரவன்.
திங்கட்கிழமை தாள் வந்துவிடுமாம்.
"வண்டி எப்படிக்கா இருக்கு?"

பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன்.
"ஆறிக்கிட்டு இருக்கு" என்றேன்.