பத்து கிலோவுக்குக் கீழே

முத்தூர் பிரிவு எடைமேடையில்
நேற்றைய இடிக்குப் போனது போர்டு.
டிஸ்க்கும் போயிற்றா என்று
இன்னும் தெரியாது.

மூடியைக் கழற்றினால்
உப்பிய நாலு கெப்பாசிட்டர்,
ஒரு பல்லிவால்,
கொப்பரைக் களத்துப் புழுதி, பிசுபிசுவென்று.
"எட்டு வருசக் கணக்குங்க" என்கிறார் சிவமலை.
"வண்டிகளோட வெறும் எடை பூரா அதுலதானுங்."

வெளியே ஏழு லாரி.
சிவப்பு எண்கள் மட்டும் எரிகின்றன,
எழுதிவைக்க ஆளில்லாமல்.

டிஸ்க்கைக் கழற்றிக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன்.
கொப்பரைக்கு உள்ளே ஆடினால் நல்லது,
இதற்கு ஆடக்கூடாது.
ஆடவில்லை.
வெளிச்சத்துக்காக மேடைமேல் ஏறி நின்று
பின்களைச் சோதித்தேன். அறுபது என்றது மேடை.
டிஸ்க்கைச் சுவரில் வைத்தேன். அப்போதும் அறுபது.
"பத்து கிலோவுக்குக் கீழ
இது எதையும் மதிக்காதுங்."

மூடிப்போன நூற்பாலை ஆபீசில்
பழைய இரும்பு விலைக்கு வாங்கிய டப்பா ஒன்றைக்
கையோடு கொண்டுவந்திருந்தேன்.
நாலு திருகாணி, இரண்டு ஒயர், கரண்ட்.

பூட் டிவைஸ் இல்லை என்றது திரை.
ஒயரை மாற்றினேன்.
பயாஸ் பட்டியலில் பேர் வந்தது,
பேர் வந்தும் கூப்பிடக் காணோம்.
முதலில் சிடியைத் தேடுகிறது, அப்புறம் நெட்வொர்க்கை,
வாசலில் நிற்கிற ஒரம்பரையை விட்டுவிட்டு
ஊர் பூராவும் ஆளனுப்பிக்கொண்டு.
வரிசையை மாற்றினேன்.

விண்டோஸ் சின்னம்.
"வந்துருச்சுங்!" எழுந்தேவிட்டார் சிவமலை.
ஒரு நீலம், கண்சிமிட்டும் நேரம்.
இருட்டு. சின்னம். நீலம்.
இருட்டு.
போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்தி,
நீலத்துக்குள் இருந்ததைப் படித்தேன்:
ஒரு முழம் பூஜ்யங்கள், கடைசியில் ஏழு, பி.

எனக்கு இந்த ஏழு பி-யைத் தெரியும்.
கல்யாணமாகித் தாராபுரம் போன முதல் மாசம்
ராத்திரி எழுந்தால்
அம்மா வீட்டுச் சுவிட்சை
இவர்கள் வீட்டுச் சுவரில் தேடுவேன்.
சுவர் இருந்தது. கை இருந்தது.
கரண்டும் இருந்தது.

டிஸ்க்கில் பழுதில்லை.
விழித்ததும் செத்துப்போன போர்டின்
வாசலுக்கே நடக்கிறது, அவ்வளவுதான்.
மறுபடி பயாஸுக்குள் போய்
ஏஹெச்சிஐ என்றிருந்ததை ஐடிஈ ஆக்கினேன்.
வந்ததை மாற்றாமல்
வீட்டை அதன் பேச்சுக்குத் திருப்பும் ஒரே ஒரு வரி.
தாராபுரத்தில் அப்படியொரு செட்டிங் இருக்கவில்லை.

இந்த முறை எழுந்துவிட்டது.
எழுத்தெல்லாம் தர்பூசணி அளவு,
மூலையில் புது டிரைவர் கேட்டுப் பலூன் மேல் பலூன்.
இருக்கட்டும்.
பெருக்கித் தள்ளிப் பார்த்தால்
வெறும் எடைகள் அத்தனையும்
வண்டி நம்பரோடு அங்கேயே இருந்தன.

வையாபுரி வண்டியை ஏற்றினார். மேடை ஒருதரம் முனகியது.
இருபத்துநாலாயிரத்து அறுநூற்றுப் பத்து.
சீட்டு கிர்ரென்று வந்தது.
வாங்கிப் பார்த்தவர் சிரிக்கிறார்:
"ஏனுங்கம்மிணி, ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரத்தி ஒம்போதுன்னு கெடக்குது?
பங்க்குலயும் சொல்லிருங்,
அன்னிக்கு ரேட்டுக்கே டீசல் போடட்டும்."

நூற்பாலை டப்பாவின் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது.
ஒரு ரூபாய்க் காசளவு. கையில் ஸ்டாக் இல்லை.
காங்கேயம் போய்த்தான் வாங்கிவர வேண்டும்.
அதுவரை கரண்ட் போய் வரும்போதெல்லாம்
இது அந்த ஜனவரிக்கே திரும்பி நிற்கும்.

ஸ்கூட்டியை எடுக்கும்போது கணக்குப் போட்டேன்.
அந்தத் தேதியில்
எந்த இருட்டிலும் எனக்குச்
சுவிட்ச் இருக்குமிடம் தெரியும்.

உள்ளே சிவமலை, ஒற்றை விரலால்,
இன்றைய தேதியை அடித்துக்கொண்டிருந்தார்.
இன்னும் ஆறு லாரி.