வராதவர்களுக்கும் ஓர் இலை

ஔலு நகரம். டிசம்பர்.
இர்மெலி காப்பியை ஆற்றிக் குடிப்பதற்குள்
அன்றைய வெளிச்சம் தீர்ந்துவிட்டது.

அவள் முன்னே ஒரு எந்திரம்,
ஐந்நூற்றுப் பன்னிரண்டு செயலிகள்.
ஒரு வேலையும் தொடங்கவில்லை
ஒருவரும் உள்ளே நுழையவில்லை
அதற்குள் அறுபத்தோரு கிகாபைட்
காணோம்.

வெளியாள் யாருமில்லை.
கர்னல்தான்.
பரிமாற வந்தவன்
பந்திக்கு முந்திவிட்டான்.

வரி வரியாக இறங்கிப் பார்த்தாள்.
ஒவ்வொரு செயலிக்கும் தனி எண்ணி,
தனி வரிசை, கொஞ்சம் கைச்செலவுக்கு நினைவகம்.
பக்கத்தில் இருப்பவனைக் கேட்க வேண்டாம்
பூட்டுத் திறக்கக் காத்துக் கிடக்க வேண்டாம் என்று
எப்போதோ யாரோ பிரியத்தோடு செய்த ஏற்பாடு.
நான்கே செயலி இருந்த காலத்தில்
அது வெறும் சில்லறை.
இப்போது இத்தனை கிடங்கு, இத்தனை முனை,
ஒவ்வொன்றிலும் இத்தனை செயலி.
வாய்ப்பாட்டுக்கு
வாய் பெரிது.

இதையும் மிஞ்சி ஒன்று.
பலகையில் இருப்பது ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
கர்னல் எதிர்பார்ப்பது இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு.
ஓடும்போதே யாராவது கொண்டுவந்து
செருகினாலும் செருகலாமாம்.
பிறக்காத, வார்க்காத, விலைகூடக் கேட்காத
ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு பேருக்கும்
இலை போட்டு, தண்ணீர் தெளித்து,
ஓரத்தில் உப்பு வைத்து
வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைச் சுருட்டுவது சுலபம்.
வந்தபின் போடு இலையை: நாற்பது வரி.
இருபத்திரண்டு கிகா வீடு திரும்பியது.
எழுந்து சன்னலோரம் போய்
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றாள்.
வெளியே பனியகற்றும் வண்டி
ஒரே தெருவை மூன்றாம் முறை சுரண்டியது.

மீதி முப்பத்தொன்பது
அப்படி இல்லை.

எல்லோருக்கும் ஒரே எண்ணி என்று எழுதிப் பார்த்தாள்.
ஒன்பதுக்கு இறங்கியது.
ஆனால்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரு கதவில் மோத
வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.
எட்டிப் பார்த்த யல்மாரி சொன்னான்:
"நினைவகம் கடையில் கிடைக்கும்.
நேரம் எங்கே விற்கிறார்கள்?"

யல்மாரி இருப்பது புதுக் குடியிருப்பு.
வீட்டுக்கு ஒரு சவுனா.
ஆறு வருடத்தில் நான்கு முறை சூடேற்றியிருக்கிறான்.
இப்போது அதில்
கோடைக்கால டயர் நான்கு,
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டை,
ஓடாத தூசி உறிஞ்சி.
இர்மெலிக்குத் தெரியும்;
டயரைத் தூக்கி வைக்க ஒரு கை கொடுத்தவள் அவள்தான்.
அன்று அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அவள் இருப்பது பழைய கட்டடம்.
கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் ஒரே சவுனா,
கதவில் ஆணியடித்த தாள்,
தாளில் பென்சிலால் பெயர்கள்.
வியாழன், ஏழிலிருந்து எட்டு: அவள்.
ஆறிலிருந்து ஏழு: இரண்டாம் மாடி ஹில்க்கா.
ஹில்க்காவின் ஏழு மணி
யாருடைய கடிகாரத்திலும் இல்லாதது.

மூன்று வாரம்.
எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.
கடைசியில்
தோளோடு தோள் உட்கார்ந்து
ஒரே கேஷில் கைவிடும் எட்டுப் பேருக்கு
ஒரு எண்ணி.
பதின்மூன்று கிகாபைட்.
வேகத்தில் ஒரு சதவீதம் குறைவு.
அந்த ஒன்று எங்கே ஒழுகுகிறது என்று
இன்னும் தெரியவில்லை.
"பரவாயில்லை, விடு" என்றான் யல்மாரி.
அவள் விடுவதாக இல்லை.

வியாழன், ஏழு பத்து.
துண்டைத் தோளில் போட்டு
கீழ்த்தளத்து நடையில் நிற்கிறாள்.
உள்ளே தண்ணீர் சத்தம்.
மனசுக்குள் ஒரு எண்ணி
ஒவ்வொரு நிமிடமாய் ஏறுகிறது.

கதவு திறக்கிறது.
தக்காளி நிற முகத்தோடு ஹில்க்கா,
ஆவி முன்னால் வர அவள் பின்னால்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"கல்லு நல்லா காஞ்சு கிடக்கு.
நீ மூட்ட வேண்டாம்.
ஒரு கரண்டி தண்ணி ஊத்து, போதும்."