ஒத்திகை

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்குப் பின்னால்
வலைக்கிடங்கின் மாடியில் இருக்கிறது சர்வர்.
மீன் வாடை அதற்கும் பழகிவிட்டது.

பதினான்கு சால்மன் கூண்டுகள்
நொடிக்கு ஒரு வரி எழுதி அனுப்புகின்றன:
ஆக்சிஜன் இவ்வளவு, உப்பு இவ்வளவு,
குளிர் இவ்வளவு.
பழைய இயந்திரம். சின்ன வட்டு.
நிரம்பி மூச்சு முட்டினால்
பெர்க்டோராவின் கைபேசி அடிக்கும்,
அதுவும் ஞாயிறு விடியற்காலையில்.

இரவுடையின் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
படியேறி வந்து
பழசைக் கூட்டித் தள்ளிவிட்டுப் போவாள்.
துடைப்பம் பிடிக்கவா
கோபன்ஹேகன் போய்ப் படித்தேன்
என்று ஒருமுறை உரக்கவே கேட்டாள்.
விசிறி சுற்றியது.

நேற்றிரவு உட்கார்ந்து எழுதிவிட்டாள்,
பதினொரு வரி.
ஏழு நாள் ஆனதைச் சுருக்கு.
முப்பது தாண்டியதை அழி.
தினமும் இரவு இரண்டு பத்துக்கு,
யாரையும் எழுப்பாமல்.

'அழி'யில் விரல் நின்றது.
முன்பு ஒருமுறை
தவறி விழுந்த ஒரேயொரு இடைவெளியால்
சம்பளக் கணக்கு முழுக்கப் போனது;
கல்யாண விருந்துகளில் ஹோக்னி
இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.
'அழி'யை எடுத்துவிட்டு 'சொல்' என்று போட்டாள்.
எதையும் தொடாதே.
எதைத் தொடுவாய் என்று மட்டும் சொல்.

சொன்னது.
நானூற்றுச் சொச்சம் பெயர்கள்,
எல்லாம் போகவேண்டியவைதான்.
கடைசியில் ஒன்று:
ஒன்பதாம் கூண்டு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.

அவள் பிறக்கவில்லை அப்போது.
இந்தப் பண்ணையும்.

திறந்து பார்த்தாள்.
மின்கலம் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது;
பிழைத்த ஒவ்வொரு முறையும் கடிகாரம்
ஆதியிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது.
எண்கள் மட்டும் கிழவனல்ல.
பக்கத்து எட்டாம் கூண்டின் இன்றைய எண்களோடு
கொஞ்ச தூரம் கைகோத்து நடந்தன.
பிறகு தனியே இறங்கின:
ஆறு.
ஐந்தரை.
ஐந்து.

தேதி தெரியாமல்
கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஹோக்னி ஒரு கெட்ட வார்த்தையோடு
படகை அவிழ்த்தான்.
விளக்கொளியில் மீன்கள்
நீரின் தோலுக்கு வந்து வாய் திறந்து மூடின.
காற்றுக்குழாயைத் திறந்துவிட்டு
இருவரும் பேசாமல் நின்றார்கள்,
எண் ஏறும்வரை.

விடிந்தபின்
பன்னிரண்டாவது வரியைச் சேர்த்தாள்:
பண்ணைக்கு மூத்தது எதுவும் வந்தால்
தொடாதே, என்னை எழுப்பு.

பிறகு 'சொல்'லை எடுத்துவிட்டு
'அழி' என்று போட்டு,
உப்பு காயாத விரலால்
என்டர் தட்டினாள்.