இருளைப் பார்க்கும் பக்கம்

டர்பன், அம்பிலோ சாலை. பிப்ரவரி.
சட்டை முதுகோடு ஒட்டும் மாலை நான்கு மணி.
இன்னும் பத்து நிமிடத்தில் மின்சாரம் போகும்;
அட்டவணையில் நாங்கள் பதின்மூன்றாம் தொகுதி.
லுங்கெலோ ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போயிருக்கிறான்.
எஃகுக் கலத்துக்குள், காற்றில்லாக் குளிரில்,
ரொட்டிப் பெட்டி அளவு துணைக்கோள் ஒன்று
தன்னந்தனியாக வெந்துகொண்டிருக்கிறது.

அங்கே குளிர்தானே என்கிறார்கள் எல்லோரும்.
குளிர்தான். ஆனால் அந்தக் குளிர் வந்து தொடாது.
இங்கே என் கழுத்து வியர்வையை
துறைமுகக் காற்று கொஞ்சமாவது கொண்டுபோகிறது.
டீயை ஊதிக் குடிக்கிறோம்.
அங்கே ஊத வாயில்லை, வாங்கிக்கொள்ளக் காற்றில்லை.
சூட்டுக்கு ஒரே வழி,
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாகி
வெளியேறுவது.

வெயிலுக்குப் பஞ்சமில்லை.
சூரியத் தகடு பத்துப் பங்கு வாங்கினால்
மூன்றை மின்சாரமாகத் தரும்.
மீதிக்கு அது பொறுப்பேற்காது.
அந்த மூன்றும் கணினியில் உழைத்துக் களைத்து
கடைசியில் சூடாகத்தான் வீடு திரும்பும்.
தொண்ணூற்றைந்து நிமிடச் சுற்றில்
முப்பத்தைந்து நிமிடம் பூமியின் நிழல்.
அதற்கும் அட்டவணை உண்டு, எங்கள் தெருவைப் போலவே.
என்ன, அங்கே சொன்ன நேரத்துக்கு விளக்கு வந்துவிடும்.

அதனால்தான் ஒரு பக்கத்தை மட்டும்
வெள்ளை பூசி, வெறுமையாக,
சூரியனுக்கு முதுகு காட்டி
இருளைப் பார்த்திருக்கும்படி விட்டேன்.
இரண்டு உள்ளங்கை அகலம்.
சும்மா இருப்பதுதான் அதன் வேலை.
சும்மா இருப்பதைப் பார்த்தால்
சிலருக்குக் கை சும்மா இருக்காது.

செவ்வாய்க்கிழமை கேசவலூ வந்தார்,
கையில் பளபளக்கும் தங்கத் தாள்.
வங்கியின் சின்னம், பெயிண்ட் கம்பெனியின் சின்னம்,
கீழே எங்கள் பெயர்கள்.
"இந்த இடம் காலியாத்தானே கிடக்கு?"
நான் தடுக்கவில்லை.
என் பெயர் ஐந்தாவதாக இருந்தது,
பிறந்ததிலிருந்து முதல் முறையாக
எழுத்துப் பிழையில்லாமல்.

பேட்டரி நாற்பத்தொன்றில் நிற்க வேண்டும்.
ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு.
முதலில் உணரியைச் சந்தேகித்தேன்,
பிறகு என் கணக்கை,
பிறகு, வெட்கத்தோடு சொல்கிறேன், லுங்கெலோவை.

மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
கண்ணாடித் துளை வழியே டார்ச் அடித்தேன்.
அடித்த ஒளி அப்படியே திரும்பி
என் முகத்தில் விழுந்தது.
தங்கத் தாள்.
மினுக்குகிற எதுவும் எதையும் விட்டுக்கொடுக்காது.
எத்தனை முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

கலத்தைத் திறக்க ஒன்றரை நாள்.
முடி உலர்த்தும் கருவியால் காட்டக் காட்ட
வங்கி முழுசாக உரிந்து வந்தது.
கேசவலூ பக்கத்திலேயே நின்று
தன் பெயரைத் தானே உரித்தார்,
பல்வலிக்காரர் முகத்தோடு.
என்னுடையது கடைசி எழுத்தில் மாட்டிக்கொண்டது.
மரக்குச்சியால் சுரண்டினேன்,
வெள்ளைப் பூச்சு நோகாமல்.

"இதையெல்லாம் எங்க ஒட்டுறது?"
"விமானத்தில் ஏற்றும் மரப்பெட்டியில்."

மறுபடி மூடினோம், காற்றை உறிஞ்சினோம்.
ஞாயிறு விடியலில் திரையில் நாற்பத்திரண்டு.
லுங்கெலோ நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தான்.
எழுப்பவில்லை.
அறிக்கையில் 'ஏற்கத்தக்கது' என்று எழுதினேன்.
கூடுதலான அந்த ஒரு டிகிரி
என் பெயர் விட்டுச்சென்ற பசையாக இருக்கலாம்.
அதை எழுதவில்லை.